பூக்காத கொடி எப்படி ஊர் ஊராகப் போனது?

வெள்ளகோவில் விசைத்தறித் தெருக்களில் ஜன்னல் கம்பியைக் கவனியுங்கள், கண்ணுகளா. எங்காவது ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் தொங்கிக்கொண்டிருக்கும். பச்சை இலையில் வெளிர் மஞ்சள் தீற்றல். இத்தனை வீட்டில் இருக்கிறதே, அது பூத்து யாராவது பார்த்ததுண்டா?

இதன் தாயகம் பசிபிக் கடலில் உள்ள மோரேயா தீவு. இது பூக்க ஜிப்ரலின் என்ற ஹார்மோன் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணு ஒன்று இந்தக் கொடியில் சரியாக இயங்குவதில்லை என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். ஜிப்ரலினை வெளியிலிருந்து தெளித்ததும் பூத்துவிட்டது!

பூ இல்லை, விதையும் இல்லை. அப்படியானால் நம் ஊர் வரை வந்தது எப்படி? தண்டை வெட்டி வெட்டித்தான். தண்டை விரலால் தடவுங்கள். இலைக்காம்பு சேரும் இடத்தில் புடைப்பாக இருக்கும். அதுதான் கணு. பக்கத்திலேயே பழுப்பாக ஒரு சிறு குமிழ் துருத்தி நிற்கும். வேர் அதிலிருந்துதான் வரும். புதுத் தண்டாக வளரும் மொட்டும் கணுவில்தான் இருக்கிறது. அதனால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் வையுங்கள். வெறும் இலையைக் கிள்ளி வைத்தால் பல நாள் பச்சையாக நிற்குமே தவிர, கொடி வராது.

மஞ்சள் தீற்றலில் பச்சையம் மிகக் குறைவு. அதற்கும் சேர்த்துப் பச்சைப் பகுதிதான் உணவு தயாரிக்கிறது. இருட்டு மூலையில் வைத்தால் புது இலைகளில் மஞ்சள் குறைந்துவிடும். வெளிச்சம் வேண்டும், ஆனால் சித்திரை மாத மதிய வெயில் நேராகப் பட்டால் இலை கருகும்.

தறி ஓடும் இடத்தில் பஞ்சுத் தூசி இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். பனியன் வேஸ்ட் துணியை நனைத்து மெதுவாகத் துடைத்துவிடுங்கள். பாட்டில் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள். தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். இலையைக் கடிக்காதீர்கள், தம்பி பாப்பாவுக்கும் எட்டாமல் வையுங்கள். அதில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. வாயும் நாக்கும் எரியும்.

இலங்கையில் கண்டி நகரத்து உடவத்தகலே காட்டுக்குள் இந்தக் கொடி புகுந்து மரங்களில் ஏறி, இளங்கன்றுகளை மூடிவிடுகிறது. மரத்தில் ஏறினால் ஒவ்வோர் இலையும் அரை மீட்டருக்கு மேல்கூட வளரும். அதனால் வெட்டிய மிச்சத் துண்டுகளை வாய்க்காலில் வீசாமல், வெயிலில் நன்றாகச் சருகாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.