மழை இல்லை, வெள்ளம் வருகிறது!
ஆஸ்திரேலியப் பாலை நிலத்தில் ஆறும் பாதையும்

வானத்தில் மேகம் இல்லை. மாதக்கணக்கில் ஒரு தூறல் கூட விழவில்லை. ஆனாலும் வெள்ளம் வரப்போகிறது என்று சொல்லி மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், குவீன்ஸ்லாந்து மாநிலமும் தென் ஆஸ்திரேலியாவும் சந்திக்கும் பாலைப் பகுதியில் இது நடப்பதுதான்.

இங்குள்ள பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 170 மில்லிமீட்டர்தான். தமிழ்நாட்டின் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வறட்சி புரியும். அப்படியானால் வெள்ளம் எங்கிருந்து வருகிறது? பல நூறு கிலோமீட்டர் வடக்கிலும் வடகிழக்கிலும் கோடையில் பெய்யும் மழையிலிருந்து வருகிறது. (அவர்களுக்குக் கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை.) தாம்சன், பார்கூ என்ற இரு ஆறுகள் கூடிக் கூப்பர் கிரீக் ஆகின்றன. கிரீக் என்றால் ஓடை. இரண்டு ஆறு சேர்ந்து ஓர் ஓடையாகும் இடம் உலகில் இது ஒன்றுதான் என்று அங்குள்ளவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இந்த ஆறுகள் கடலுக்குப் போவதில்லை. ஏறத்தாழ ஒன்பது தமிழ்நாடு கொள்ளும் வடிநிலத்தின் தண்ணீர் எல்லாம் கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் தாழ்ந்து கிடக்கும் அயர் ஏரியை நோக்கியே சாய்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் ஏரி வரை போய்ச் சேருவதும் இல்லை. வழியிலேயே மண் குடித்தது போக மீதியை வெயில் குடித்துவிடும். 1974-ல் மட்டும் ஏரியின் ஆழமான இடத்தில் 6 மீட்டர் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

கூப்பர் பாயும் சமவெளியில் கிலோமீட்டருக்கு ஒரு சாண் சரிவு கூடக் கிடையாது. அதனால் தண்ணீர் பாய்ந்து வருவதில்லை, பரவி வருகிறது. நூற்றுக்கணக்கான சிறு கால்களாகப் பிரிந்து, பின் அவையும் நிரம்பி வழிந்து, சில இடங்களில் 60 கிலோமீட்டர் அகலத்துக்கு விரியும். மேலே பெய்த மழை கீழே வந்து சேர வாரங்கள் ஆகும். ஏரியை எட்ட மாதங்கள் ஆகும்.

வெள்ளமே பாசனம்

அந்தப் பண்ணைக்காரர்களுக்குக் கிணற்றுப் பாசனப் பயிர் இல்லை, வாய்க்கால் பாசனமும் இல்லை. வெள்ளம்தான் அவர்களுக்குப் பாசனம். நீர் வடிந்ததும் சாம்பல் நிறக் களிமண்ணில் புல் பூண்டுகள் முளைத்தெழும். அதை மேய்ந்து மாடுகள் சதை போடும். அளவுதான் முக்கியம். நீர் கால்களுக்குள்ளேயே ஓடிவிட்டால் மேய்ச்சலுக்குப் பயனில்லை. கரை மீறிப் பரவி, சில நாள் நின்று வடிந்தால் நல்ல ஆண்டு. வாரக்கணக்கில் தேங்கினால் இருக்கும் புல்லும் அழுகிப் போகும்.

மாடுகளை முன்கூட்டியே மேட்டுக்கு ஓட்டினால் தாழ்வு நிலத்து மேய்ச்சல் வீணாகும். தாமதித்தால் மாடுகள் தண்ணீருக்கு நடுவே திட்டுகளில் சிக்கிக்கொள்ளும், அல்லது சேற்றில் புதையும். ஆகவே மேல்பகுதி அளவுகோல்களில் நீர் எத்தனை மீட்டர் என்பதை வானிலைத் துறை அறிவிப்பிலும், மேலே உள்ள பண்ணைகளிலிருந்து வரும் தொலைபேசியிலும் கேட்டு, நாள் கணக்கிட்டு முடிவு செய்கிறார்கள்.

இந்தக் கணக்கும் சில சமயம் பொய்த்துப் போகும். 2025 மார்ச் இறுதியில் மேற்குக் குவீன்ஸ்லாந்தில் பெருமழை பெய்தது. ஆறு கொண்டுவந்த வெள்ளத்தோடு அங்கேயே கொட்டிய மழையும் சேர்ந்தது. பல இடங்களில் 1974-ன் அளவையும் வெள்ளம் தாண்டியது. ஆடு, மாடுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் அழிந்தன அல்லது காணாமற் போயின. வேலிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சாய்ந்தன. திட்டுகளில் நின்ற கால்நடைகளுக்கு ஹெலிகாப்டரிலிருந்து வைக்கோல் போட வேண்டியிருந்தது.

பாதை மூடினால்

மரீ என்ற ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர் மண்பாதை. இடையில் ஊர் என்று சொல்ல ஏதுமில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் மழை நாளில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தப் பகுதிக் களிமண்ணைப் பற்றி விளக்க வேண்டாம். அதே இனத்து மண்தான். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தை அப்பிக்கொண்டு விடாது. சிறிது மழைக்கே பாதையை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் லாரி ஓட்டினால் கடும் அபராதம் உண்டு. ஒரு வண்டி போட்ட ஆழமான தடம் காய்ந்து இறுகிவிட்டால் அடுத்து வரும் எல்லா வண்டிக்கும் கேடு என்பதே காரணம்.

1936 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இவ்வழியில் தபால் லாரி ஓட்டிய டாம் குரூஸ், 1949-ல் கூப்பர் பெருகியபோது சரக்கையெல்லாம் இறக்கிப் படகில் அக்கரை சேர்த்து, அங்கே நின்ற வேறு லாரியில் ஏற்றிப் போனார். பண்ணைகளுக்கு மாவும் மருந்தும் கடிதமும் அவரால்தான் வந்தன. அவசர நோயாளிகளுக்கு 1928-ல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் துணை நிற்கிறது. ஆனால் விமானம் இறங்கும் களமும் நனைந்துவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

வெள்ளத்துக்கு மறுபக்கம் தாகம். 1963 டிசம்பரில் இதே பாதையில் வழிதவறி, வண்டியை விட்டு நடந்த ஒரு குடும்பத்தில் ஐந்து பேரும் தண்ணீரின்றி மாண்டனர். வண்டி நின்றுவிட்டால் அதன் நிழலை விட்டு அகலாதே என்பது இன்று அங்கே போகும் எவருக்கும் முதலில் சொல்லப்படும் விதி. தேடுவோர் கண்ணில் மனிதனைவிட வண்டி எளிதில் படும்.

வெள்ளம் வடிந்த சேற்றில் நார்டூ என்ற செடி முளைக்கிறது. நம் வயல்களில் காணும் ஆரைக்கீரையின் இனம் அது. நான்கு இலை, அதே தோற்றம். அதன் கெட்டியான வித்துறைகள் வறண்ட மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும். யாண்ட்ருவாண்டா பழங்குடியினர் அவற்றைப் பக்குவப்படுத்தி மாவாக்கி உண்டனர். 1861-ல் கூப்பர் கரையில் உணவின்றித் தவித்த பர்க், வில்ஸ் என்ற வெள்ளையர் இருவரும் அந்தப் பக்குவம் தெரியாமல் தின்று, வயிறு நிறைந்தும் உடல் மெலிந்து இறந்தனர். தயமின் என்ற பி1 சத்தை அழிக்கும் பொருள் அதில் இருப்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. கூட வந்த கிங் என்பவர் பழங்குடியினரோடு தங்கி உயிர் பிழைத்தார்.

கூப்பர் பாதையைக் கடக்கும் இடம் பெரும்பாலும் உலர்ந்த மண்தான். வெள்ளம் வந்தால் அங்கே சில கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கும். அப்போது வண்டிகளை ஏற்றிச் செல்ல அரசு மிதவைப் படகு விடுகிறது. 2010-ல் அப்படித்தான் விட்டார்கள்.