பழவேற்காட்டில் ஒரு பகல்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் பழவேற்காடு. வேப்பம்பட்டிலிருந்து செல்வோர் சென்னை சென்ட்ரலில் ரயில் மாறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

கால்வாய் நகரமான ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் கெல்டிரியா கோட்டை இங்கு 1613இல் எழுந்தது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்குகள் படகில் வந்து போயின. துணி மட்டுமல்ல, அடிமைகளாக விற்கப்பட்ட மக்களும் இங்கிருந்து பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர்.

கோட்டை இன்று பெரும்பாலும் புதர் மண்டிய மேடு. பார்க்க வேண்டியது, தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டமே. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே, நிறுவனத்தாரின் பெயர்கள் செதுக்கிய கற்கள். ஏற்றுமதியான அடிமைகளுக்கு அங்கே கல் இல்லை.

அருகே ஓடும் பக்கிங்காம் கால்வாய் டச்சுக்காரர் வெட்டியதன்று. அது 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் பணி.