உவர்விரும்பி வைரசுகள்

உவர்விரும்பி வைரசுகள் என்பவை உப்பு மிகுந்த நீரில் வாழும் நுண்ணுயிரிகளைத் தொற்றும் வைரசுகளாகும். உப்பளங்களின் கடைசிப் பாத்திகள், சாக்கடல், செனகல் நாட்டின் ரெட்பா ஏரி போன்ற இடங்களில் இவை பெருமளவில் காணப்படுகின்றன. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. உப்புப் படியும் தறுவாயிலுள்ள பாத்தியிலோ அது 25 விழுக்காட்டையும் தாண்டிவிடும். மீனும் ஊறுகாயும் கெடாதிருக்க உப்பிடுகிறோம். ஹாலோஆர்க்கியா எனப்படும் நுண்ணுயிரிகளோ உப்பு குறைந்தால்தான் இறக்கின்றன. நன்னீரில் இட்டால் ஹாலோபாக்டீரியத்தின் செல் உடைந்துபோகும். பாத்தி நீர் இளஞ்சிவப்பாகத் தோன்றுவதும் பெரும்பாலும் இவற்றின் நிறமிகளால்தான்.

கண்டுபிடிப்பு

1974-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் தார்ஸ்விக், டுண்டாஸ் ஆகிய இருவர் ஹாலோபாக்டீரியம் சலினாரியத்தைத் தொற்றும் வைரசு ஒன்றை அறிவித்தனர். அடுத்த ஆண்டு ஜமைக்காவின் உப்புக் குட்டையிலிருந்து இன்னொன்று அறிவிக்கப்பட்டது. இரண்டையும் பாக்டீரியாவைத் தின்னும் வைரசுகள் என்றே அன்று எண்ணினர். கார்ல் வூசும் ஜார்ஜ் ஃபாக்சும் ஆர்க்கியாவைத் தனிப் பிரிவாகக் காட்டியது 1977-இல்தான். ஆகவே ஆர்க்கியா என்ற பெயர் வருமுன்பே ஆர்க்கியாவின் வைரசு கண்டறியப்பட்டுவிட்டது. ஹாலோபாக்டீரியம் என்ற பழைய பெயர் மட்டும் இன்றும் நீடித்து மாணவர்களைக் குழப்புகிறது. அது பாக்டீரியா அன்று.

வடிவங்கள்

தலையும் வாலும் கொண்டவையே இதுவரை மிகுதியாகப் பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. இவற்றின் தலை உறையின் புரத மடிப்பு, குடல் பாக்டீரியாவைத் தாக்கும் வைரசுகளிலும் மனிதரைத் தொற்றும் ஹெர்ப்பீஸ் வைரசுகளிலும் காணப்படுவதை ஒத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில உப்பளத்தில் கிடைத்து 1998-இல் அறிவிக்கப்பட்ட ஹிஸ்1, எலுமிச்சம்பழ வடிவினது. அந்நாட்டின் ராட்னெஸ்ட் தீவு ஏரியில் கிடைத்த எஸ்எச்1 வைரசில் புரத உறைக்கு உள்ளே கொழுப்புப் படலம் ஒன்று டி.என்.ஏ-வைச் சூழ்ந்துள்ளது.

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள டிராபானி உப்பளத்து வைரசு எச்ஆர்பிவி-1 வேறு வகையானது. 2009-இல் விவரிக்கப்பட்ட இதற்கு நிலையான வடிவமில்லை. ஒரு கொழுப்புப் பையும் அதனுள் ஏறத்தாழ 7,000 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஒற்றை இழை டி.என்.ஏ-வுமே அதன் உடல். ஆர்க்கியாவைத் தொற்றும் ஒற்றை இழை டி.என்.ஏ வைரசாக முதலில் அறியப்பட்டது இதுவே. இது செல்லை உடைப்பதில்லை. செல்லின் வளர்ச்சியைச் சற்றே மந்தமாக்கிவிட்டு, அதன் படலத்திலேயே ஒரு பகுதியைப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது.

உப்பும் தொற்றும்

சாதாரண நீர்நிலையில் நுண்ணுயிரிகளை ஒருசெல் விலங்குகள் மேய்கின்றன. உப்பு 25 விழுக்காட்டைத் தாண்டும்போது இந்த மேய்ப்பாளர்கள் பெரும்பாலும் மறைந்துவிட, அவற்றைக் கொல்ல எஞ்சுபவை வைரசுகளே. ஸ்பெயின் உப்பளங்களில் எண்ணிப் பார்த்தபோது, மிகச் செறிந்த பாத்தியின் ஒரு மில்லிலிட்டர் நீரில் வைரசுத் துகள்கள் நூறு கோடி அளவுக்கு இருந்தன.

ஆனால் இத்தனை வைரசுகள் இருந்தும் ஓம்புயிர்கள் அழிந்துவிடவில்லை. இதற்கு ஒரு விடை தார்ஸ்விக், டுண்டாஸ் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. உப்பு மிகுந்த வளர்ப்பு ஊடகத்தில் அவர்களது வைரசு செல்களைக் கொல்லாமல் அவற்றோடு தங்கியிருந்தது. உப்பைக் குறைத்தபோது செல்களை உடைத்துக்கொண்டு பெருகியது. உப்பளத்தில் மழை பெய்வதை நினைத்தால் இது விளங்கும். நீர் நீர்த்துப்போனால் ஓம்புயிர் எப்படியும் இறக்கப்போகிறது. அதற்குமுன் பெருகி வெளியேறுவதே வைரசுக்கு ஆதாயம். உப்பு செறிந்திருக்கும்வரை ஓம்புயிரை உயிரோடு வைத்திருப்பதில்தான் அதற்கு இலாபம். எல்லா உவர்விரும்பி வைரசுகளும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதை மறக்கலாகாது.

ஓம்புயிரின் தற்காப்பு

ஓம்புயிர்களும் சும்மா இருப்பதில்லை. ஸ்பெயினின் சான்டா போலா உப்பளத்தைச் சேர்ந்த ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டெரேனியை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மோகிகா, அதன் டி.என்.ஏ-வில் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை 1993-இல் அறிவித்தார். பல நுண்ணுயிரிகளில் அத்தகைய தொடர்களுக்கு இடையே உள்ள துண்டுகள், முன்பு தொற்றிய வைரசுகளின் டி.என்.ஏ-வோடு பொருந்துகின்றன என்று 2005-இல் அவர் காட்டினார். பழைய பகைவரை அடையாளம் வைத்திருக்கும் இந்த நினைவுக் கிடங்கே கிரிஸ்பர். மரபணுத் திருத்தத்திற்கு இன்று பயன்படும் கருவி இந்தத் தற்காப்பு முறையிலிருந்து உருவானதே.