அண்டை வீட்டு அச்சம்

1987 ஜூன் 4. நம் பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.32 விமானங்கள் கிளம்பிப் போய், யாழ்ப்பாணத்தில் உணவு, மருந்து மூட்டைகளைப் போட்டுவிட்டு வந்தன. துணைக்கு மிராஜ் போர் விமானங்கள். முதல் நாள் ராமேஸ்வரத்திலிருந்து போன படகுகளைத் திருப்பி அனுப்பிய இலங்கையால், வானில் வந்ததைத் தடுக்க முடியவில்லை.

நான் அப்போது ரயில்வேயில் சேர்ந்து சில வருடங்களே ஆன டிப்ளமோக்காரன். நண்பர்களோடு இனிப்பு வாங்கிச் சாப்பிட்டேன். பட்டினி கிடந்த நம் மக்களுக்குச் சோறு போயிற்றே! அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் கொழும்பில் ஒரு சிங்களக் குடும்பம் இதை எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைக்கவில்லை.

இலங்கையின் அகல ரயில் பாதையும் நம்முடையதும் ஒரே 5 அடி 6 அங்குலம்தான். 1964 புயல் வரை தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னாரில் அடுத்த ரயில். எனக்கு அது உறவாகத் தெரிந்தது. அவர்களில் பலருக்கு அந்த நெருக்கமே பயம். சிங்களவர் தம் நாட்டில் பெரும்பான்மையினர். ஆனால் அம்மொழிக்கு வேறு நாடில்லை. கடலுக்கு இப்பால் தமிழ்நாட்டில் மட்டும் ஏழு கோடிப் பேர், பின்னால் இந்தியா. 1987 ஜூலை 29-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படை வீரர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார்.

அந்த அச்சத்தால் டெல்லிக்கு என்ன நஷ்டம்? அடி விழுந்ததெல்லாம் பக்கத்தில் இருந்தவர் மேல். 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவராயினர். 1956-இல் தனிச் சிங்களச் சட்டம். 1983-இல் ஜூலைக் கலவரம். அச்சம் உண்மையாகவே இருக்கட்டும். அதனால் அநியாயம் நியாயமாகிவிடாது.

நமக்கும் இது புதிதல்ல. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்தபோது, வாசலில் தமிழ் பேசாதே என்று மனைவியிடம் சொன்னவன் நான். எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர் பால் பாக்கெட்டோடு வந்து, "ஹெதரபேடி, நீவு நம்மோரே" என்றார். பயப்படாதே, நீங்கள் நம்மவர்களே என்று. பின்னொரு நாள் திண்ணையில் உட்கார்ந்து தம் மனக்குறையையும் சொன்னார்: "நம்ம ஊரிலேயே நம்ம பாஷை காணாமல் போய்விடுமோ?"

நாம் இங்கே சிறுபான்மை. ஆனால் அவர் கண்ணுக்கு நமக்குப் பின்னால் ஒரு பெரிய மாநிலம் நிற்கிறது. நாம் கேட்காமலே நிற்கிறது!

அன்று முதல் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றேன், பெரியவரே வாத்தியார். பதினெட்டு வருடம் மூடிக் கிடந்த அல்சூர் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை. ஒரு கை கொடுத்து ஒரு கை வாங்கியதால் நடந்தது அது.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம், நல்லது. அதே அறையில் வாரம் ஒரு மணி கன்னட வகுப்பும் வைக்கலாமே? பாடம் சொல்லித் தர நான் தயார்.