தர்மச் சோறு வேண்டாமென்ற கட்ச் பெண்கள்

கட்ச் மாவட்டத்தில் 1969-ல் கடும் வறட்சி. நிவாரணப் பணிக்காகப் பம்பாயிலிருந்து தனேட்டி கிராமத்துக்குப் போன திருமதி சந்தா ஷ்ராஃப் ஒன்றைக் கவனித்தார். ஊர்ப் பெண்களுக்கு வயிறு காய்ந்தாலும், உடையில் அழகான பூவேலை! தர்மச் சோற்றுக்குக் கை நீட்டவோ அவர்களுக்கு மனமில்லை. அந்த ஊசி வேலைக்கே கூலி கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

30 பெண்களிடம் 30 சேலைகளைக் கொடுத்தார். பூவேலை முடிந்து பம்பாய்க் கண்காட்சிக்கு வந்தவை அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. "ஸ்ருஜன்" நிறுவனம் பிறந்தது அப்படித்தான்.

மகளின் சீதனத்துக்கென்று செய்துவந்த வேலை, குடும்பத்துக்குச் சோறு போட்டது. துணியும் நூலும் வீடு தேடி வந்தன, கூலியும் அங்கேயே. ஊர் எல்லையைத் தாண்டவிடாத வீட்டுப் பெண்களுக்கு வேறு வழி ஏது?

2006-ல் ரோலக்ஸ் விருது பெற்ற சந்தா, 2016-ல் காலமானார். நிறுவனம் நடந்து வருகிறது.