உங்களுக்குத் தெரியுமா? மிசிசிப்பியில் குளிர்காலத் தூண்டில்

குளிர்காலத்தில் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கு இடையே மிசிசிப்பி ஆற்றின் பெரும்பகுதி உறைந்துவிடும். ரெட் விங் நகருக்குச் சற்று மேலே உள்ள 3ஆம் எண் அணையின் கீழ்ப்புறம் ஒரு விலக்கு. மதகுகளிலிருந்து சீறிவரும் நீர் அங்கே எளிதில் உறைவதில்லை. அதனால் ஜனவரியிலும் படகு விட்டு வால்ஐ, சாகர் மீன்களைப் பிடிக்கிறார்கள்.

சரக்குப் படகுகளுக்கு 9 அடி ஆழ வழித்தடம் வேண்டி 1930களில் கட்டப்பட்ட அணைத்தொடரில் இதுவும் ஒன்று. இளவேனிலில் முட்டையிடும் இம்மீன்கள் இலையுதிர் காலத்திலிருந்தே ஆற்றை எதிர்த்து மேலேறுகின்றன. அணை மறிப்பதால் அதன் கீழுள்ள ஆழமான குழிகளில் திரள்கின்றன.

உறைநிலையை ஒட்டிய நீரில் மீனின் உடலியக்கம் மந்தமாகிவிடும். இரையைத் துரத்தாது, வாயருகே வந்தால் மெல்லக் கவ்வும். ஆகவே ஈயத்தலை வைத்த முள்ளில் சிறுமீனைக் கோத்து, நேர்கீழாக இறக்கி, ஆற்றின் அடித்தரையை ஒட்டியே அசைக்கிறார்கள். நீரோட்டத்தின் வேகத்துக்குச் சரியாகப் படகை நழுவவிடுவதுதான் இதில் கடினமான வேலை.

வால்ஐ, சாகர் இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சாகரின் முதுகுத்துடுப்பில் வரிசையாகக் கரும்புள்ளிகள் இருக்கும். வால்ஐயின் வால்துடுப்புக் கீழ்நுனி வெண்மையாக இருக்கும். விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளி திருப்பும் படலத்தால் இரண்டுக்கும் மங்கிய ஒளியிலும் பார்வை உண்டு. கலங்கல் நீரைச் சாகர் கூடுதலாகத் தாங்கும்.

ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுத்தால் மீனின் காற்றுப்பை உப்பிவிடும். அந்தக் காற்றை வாய்வழியே வெளியேற்ற இம்மீன்களால் இயலாது. சிறியதென்று ஆற்றில் திருப்பி விட்டாலும் பல பிழைப்பதில்லை.