மூட்டை தூக்குபவர் வேலை செய்யவில்லையா?

"ரயில்வே போர்ட்டர் ஒருவர் 30 கிலோ எடையுள்ள பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடைமேடையில் 100 மீட்டர் நடக்கிறார். புவியீர்ப்பு விசைக்கு எதிராக அவர் செய்த வேலை எவ்வளவு?"

இந்தக் கணக்கை உங்கள் வகுப்பிலும் கேட்டிருப்பார்கள். விடை சுழி. அவர் கொடுக்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது. நகரும் திசையோ கிடைமட்டம். இரண்டுக்கும் இடையே 90 பாகை. ஆகவே இயற்பியலின் கணக்குப்படி வேலை எதுவும் நடக்கவில்லை. ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவேன், வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். "சார், எங்கப்பா மண்டியிலே மூட்டை தூக்குறார். லாரியிலேர்ந்து கிட்டங்கிக்கு நாளெல்லாம் நடக்கிறார். அவர் வேலையே செய்யலைன்னா, ராத்திரி ஏன் சார் முதுகு வலியிலே படுக்க முடியாம உட்கார்ந்திருக்கார்?" என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. சூத்திரத்தில் தவறில்லை. அதைச் சொன்ன இடத்திலேயே நான் நிறுத்திக்கொண்டதுதான் தவறு. அன்று அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 50 கிலோ மூட்டைகள் 200 லாரியில் ஏற்றப்படுகின்றன. மொத்தம் பத்து டன். தரையிலிருந்து லாரித்தட்டின் உயரம் 1.2 மீட்டர் என்று கொள்வோம். ஒரு மூட்டையை ஏற்ற ஆகும் வேலை, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், 50 × 10 × 1.2 = 600 ஜூல். 200 மூட்டைக்கு 1,20,000 ஜூல். இதைக் கலோரியாக மாற்றினால் 29 கிலோ கலோரிக்குள் அடங்கிவிடும். அதாவது, ஓர் இட்லியில் கிடைக்கும் ஆற்றல்கூட இதைவிட அதிகம்! பத்து டன் சரக்கை ஏற்றியவருக்கு ஓர் இட்லி போதும் என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால் மண்டியில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கே போயிற்று மீதி? தூக்குபவர் மூட்டையோடு தம் உடலையும் உயர்த்துகிறார். தசை ஓர் எஞ்சினைப் போன்றது. உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றும், மீதி வெப்பமாகிவிடும். இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மேசை ஒரு புத்தகத்தை ஆண்டு முழுவதும் தாங்கி நிற்கும். அதற்குச் சாப்பாடு வேண்டியதில்லை. தசை அப்படியன்று. ஒரு சுமையை அசையாமல் பிடித்திருக்கும்போதும் தசை இழைகளுக்குள் மையோசின், ஆக்டின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பற்றலுக்கும் ஆற்றல் செலவாகிறது. வெளியே இடப்பெயர்ச்சி இல்லை. உள்ளேயோ ஓயாத உழைப்பு. போர்ட்டரின் "சுழி"க்குள் ஒளிந்திருப்பது இதுதான்.

ஆனால் இது களைப்பைத்தான் விளக்குகிறது. அந்த மாணவன் கேட்டது முதுகு வலியைப் பற்றி. அதற்கு நெம்புகோலிடம் போகவேண்டும்.

குனிந்து நிற்கும் மனிதனை நெம்புகோலாக எண்ணிக்கொள்ளுங்கள். இடுப்பருகே முதுகெலும்பின் அடியில் உள்ள மூட்டு அதன் தாங்குபுள்ளி. முன்பக்கத்தில் கைகளில் மூட்டை. பின்பக்கத்தில் முதுகுத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. மூட்டையின் மையம் தாங்குபுள்ளியிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்போம். தசையோ தாங்குபுள்ளிக்கு வெகு அருகில், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. 50 கிலோ மூட்டையின் எடை 500 நியூட்டன். அதன் திருப்புத்திறன் 500 × 0.4 = 200 நியூட்டன் மீட்டர். இதைச் சமன்செய்ய 5 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து இழுக்கும் தசை 4,000 நியூட்டன் விசை தரவேண்டும். இத்துடன் தலை, கை, மார்பு எல்லாம் சேர்ந்த மேலுடலும் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அது 35 கிலோ, அதன் மையம் 25 சென்டிமீட்டர் முன்னால் என்று கொண்டால் இன்னுமொரு 1,750 நியூட்டன். ஆக மொத்தம் 5,750.

இந்த விசை முழுவதும் முதுகெலும்பை மேலும் கீழுமாக அழுத்துகிறது. கையில் இருப்பது ஒரு மூட்டை. இடுப்பு எலும்பின் மீது இருப்பது பதினொன்றுக்கும் அதிகமான மூட்டைகள்!

இது ஏட்டுக் கணக்கா என்று நீங்கள் ஐயுறலாம். அளந்தே பார்த்திருக்கிறார்கள். முதுகெலும்பு ஒரே தண்டு அன்று. முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையிடையே மெத்தைபோன்ற தட்டுகள் இருக்கின்றன. அந்தத் தட்டுக்குள் ஊசிமூலம் அழுத்தமானியைச் செலுத்தி அளக்கும் ஆய்வை 1960-களில் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ப் நாகெம்சன் நடத்தினார். ஜெர்மனியில் வில்கே என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் தாமாக முன்வந்த ஒருவரிடம் இதே சோதனையைச் செய்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர் வெறுமனே நின்றபோது தட்டுக்குள் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோ சுமையை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது 1.1. அதே 20 கிலோவை மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.2 மெகாபாஸ்கல்தான். அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்!

எடை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது தொலைவும் வளைவும் மட்டுமே.

இந்தத் தட்டுகளிடம் ஒரு குறை உண்டு. வளர்ந்த மனிதனின் தட்டுக்குள் இரத்தக்குழாய்கள் கிடையா. அதன் வெளிவிளிம்பில் மட்டும் சில உண்டு. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் அக்கம்பக்கத்திலிருந்து கசிந்து வருவதைக் கொண்டே அது உயிர்வாழ்கிறது. ஆகவே விரிசல் விழுந்தால் எளிதில் ஆறாது. நாள்பட்ட விரிசல் வழியாக உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்தினால், வலி முதுகோடு நில்லாமல் தொடை வழியாகக் கால்விரல்வரை இறங்கும். அந்த மாணவனின் தந்தைக்கு இடதுகால் மரத்துப்போவதும் உண்டாம். (தட்டுகள் அமுங்குவதை நீங்களே அறியலாம். காலையில் எழுந்தவுடன் சுவரோடு சேர்ந்து நின்று உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு படுக்கப்போகுமுன் மீண்டும் அளங்கள். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பீர்கள்!)

தொழிலையும் நோயையும் இணைத்துப் பார்ப்பது புதிய எண்ணமன்று. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சுமைகூலிகளுக்கும் இடம் உண்டு. நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்க்கவேண்டும் என்று மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். மனிதனுக்கு ஏற்றபடி வேலையை அமைக்கும் இத்துறையை இன்று எர்கனாமிக்ஸ் என்கிறோம், தமிழில் பணிச்சூழலியல்.

பெயர் தெரியாமலே நம் முன்னோர் இதைச் செய்திருக்கிறார்கள். பழைய சாலையோரங்களில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. அதன் உயரத்தைப் பாருங்கள். தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், இன்னொருவர் கைகொடுக்கவும் தேவையில்லாமல் சுமையை இறக்கிவைக்கலாம். இளைப்பாறியபின் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். தரையிலிருந்து தூக்கும் அந்த 5,750 நியூட்டனை மூன்று கற்களில் இல்லாமல் செய்துவிட்டார்கள். பொறியியல் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, சுமந்து நடப்பதற்கு எது நல்ல முறை? நம் நாட்டு ஆய்வாளர்களான தத்தாவும் ராமநாதனும் இதை ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டார்கள். ஒரே சுமையை ஏழு விதமாகச் சுமக்கச் செய்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். மார்பிலும் முதுகிலும் சரிபாதியாகப் பிரித்துச் சுமந்தபோது செலவு மிகக் குறைவு. தலைச்சுமை அதற்கு மிக அருகில் வந்தது. தோளில் தண்டு வைத்து இருபுறமும் தொங்கவிடும் காவடி முறை பின்தங்கியது. இரு கைகளிலும் தொங்கவிட்டுத் தூக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். காரணம் உங்களுக்கே புரியும். தலைமேல் இருக்கும் சுமை முதுகெலும்புக்கு நேர்மேலே இருக்கிறது. தொலைவு ஏறக்குறைய சுழி, ஆகவே திருப்புத்திறனும் சுழி. சும்மாடு சுமையைச் சற்றே பரப்பி, ஒரே இடத்தில் அழுந்தாமல் காக்கிறது. ஆனால் தலைச்சுமையைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. கழுத்தின் தட்டுகள் இடுப்புத் தட்டுகளைவிட மிகச் சிறியவை. பல்லாண்டு தலைச்சுமை சுமப்பவர்களின் கழுத்தெலும்பு தேய்ந்துபோவதை எக்ஸ்-ரே படங்கள் காட்டுகின்றன.

அப்படியானால் எவ்வளவு தூக்கலாம்? 1967-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் ஒருவர் சுமப்பது 55 கிலோவைத் தாண்டவேண்டாம் என்று பரிந்துரைத்தது. அப்போது நம் நாட்டில் ஒரு குவிண்டால், அதாவது 100 கிலோ மூட்டைகள் சாதாரணம். இன்று பெரும்பாலும் 50 கிலோ மூட்டைகள் வந்துவிட்டன. நல்ல மாற்றம்தான். ஆனால் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த வாய்பாடு, எல்லாம் சரியாக இருக்கும்போதே 23 கிலோ என்றுதான் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு குறைக்கும் கழிவு. கணுக்காலிலிருந்து கை 25 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போனால், 25-ஐ அந்தத் தொலைவால் வகுத்துப் பெருக்கவேண்டும். கை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகியிருக்கிறதோ, அதை 0.003-ஆல் பெருக்கி ஒன்றிலிருந்து கழிக்கவேண்டும். இன்னும் சில காரணிகளும் உண்டு. இவை இரண்டு நமக்குப் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவனும் நானும் டேப்பை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனோம். அவன் தந்தை அடிவரிசையிலிருந்த மூட்டையைப் பிடித்துக் காட்டினார். கணுக்காலிலிருந்து கைக்கு 45 சென்டிமீட்டர். தரையிலிருந்து 15. அங்கேயே ஒரு சீட்டில் எழுதிப் பெருக்கினான் பையன்: 23 × 0.56 × 0.82. பத்தரைக் கிலோ.

"பத்தரைக் கிலோவா தம்பி? உங்கம்மா ரேஷன் கடையிலேர்ந்து இடுப்பிலே வெச்சுத் தூக்கிட்டு வர்ற எடை அது" என்று அவர் சிரித்தார். பிறகு, "சார், எங்களுக்கு மூட்டைக் கணக்குலதான் கூலி. மெதுவாத் தூக்கினா அடுப்பு எரியாது" என்றார். இது எந்த வாய்பாட்டிலும் இல்லாத காரணி.

குனியாமல் தூக்குங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வீண் என்று அன்று எனக்குப் பட்டது. தரையில் கிடக்கும் மூட்டையைக் குனியாமல் எடுப்பது எப்படி? மூட்டை இருக்கும் உயரத்தை மாற்றவேண்டும். லாரித்தட்டின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டிய கிட்டங்கித் திண்ணை, மூட்டைக்கு அடியில் போடும் மரமேடை, உருளைகள்மேல் ஓடும் பட்டை இவையெல்லாம் சுமைதாங்கியின் பேரப்பிள்ளைகளே. எடையையும் குறைக்கலாம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சிமெண்ட் மூட்டை இப்போது 25 கிலோ. அல்லது ஒரேயடியாகக் கூட்டிவிடலாம்! அரை டன் மூட்டையை யாரும் ஒருவனின் முதுகில் ஏற்றப் பார்க்கமாட்டார்கள், எந்திரத்தைக் கொண்டுவருவார்கள். மனிதனால் எப்படியாவது தூக்கிவிட முடிகிற 50 கிலோதான் இரண்டுங்கெட்டான் எடை.

அந்த மண்டியில் திண்ணை கட்டவில்லை. ஆனால் அந்தக் குழுவினர் தங்களுக்குள் பேசி, அடிவரிசைக்குக் கீழே பழைய மரமேடைகளை இரண்டிரண்டாக அடுக்கச் செய்தார்கள். முழங்கால் உயரம் கிடைத்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் தரையிலிருந்து தூக்குவதில்லை. இருவர் ஏற்றிவிட, முதுகில் வாங்கி நடப்பார்கள். இளையவர்களின் தட்டுகள் மட்டும் இரும்பால் ஆனவையா என்று நான் கேட்டேன். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

போர்ட்டர் கணக்கை வகுப்பில் இப்போதும் கேட்கிறேன். அதோடு இரண்டாவது பகுதி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: அந்த 30 கிலோ பெட்டியைத் தரையிலிருந்து எடுக்க அவர் குனிகிறார். பெட்டி தாங்குபுள்ளியிலிருந்து 40 சென்டிமீட்டர், தசை 5 சென்டிமீட்டர், மேலுடல் முன்னே சொன்னபடியே. முதுகுத் தசையின் இழுவிசை எவ்வளவு? பெட்டியை 25 சென்டிமீட்டருக்கு இழுத்துக்கொண்டால் எவ்வளவு குறையும்? போட்டுப் பாருங்கள்.